கூடுதலாக ஓர் ஆண்டு சிறை யாருக்கு என்ன தருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறையைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. குற்றவாளி மீது என்ன கரிசனம் என்று ஒரு தரப்பு கேட்கும். சிறையே அநீதி என்று மறு தரப்பு சொல்லும். இந்தக் கூச்சலில் எளிய கணக்கு ஒன்று காணாமல் போகிறது. ஒருவரைக் கூடுதலாக ஓர் ஆண்டு அடைத்து வைத்தால் மற்றவர்களுக்கு எவ்வளவு பாதுகாப்பு கிடைக்கிறது? அதற்கான விலையை யார் யார் கொடுக்கிறார்கள்? கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்தக் கணக்கைச் சுற்றியே வருகின்றன.

சிறைச் சீர்திருத்தம் என்றால் எல்லோரையும் திறந்துவிடுவதா?

இல்லை. உள்ளேதான் இருக்க வேண்டும் என்று சொல்லத்தக்கவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். யாரை அடைப்பது, எவ்வளவு காலம் அடைப்பது, உள்ளே எப்படி நடத்துவது, எந்த நிலையில் வெளியே அனுப்புவது ஆகிய நான்கையும் மாற்றுவதே சீர்திருத்தம். அரசுகளுக்குப் பிடித்தது மூன்றாவது மட்டும். சுவருக்கு வண்ணம் அடித்து, யோகா வகுப்பு தொடங்கி, புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? முதல் இரண்டில் கைவைத்தால் தேர்தலில் அடி விழும்.

‘அதிகம் பேர் சிறையில்’ என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

ஒரு லட்சம் மக்களில் எத்தனை பேர் சிறையில் இருக்கிறார்கள் என்பதே வழக்கமான அளவு. உலகெங்கும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் சிறைகளில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் லட்சத்துக்குச் சுமார் 160 பேர் இருந்தார்கள். 2008 வாக்கில் அது 750ஐத் தாண்டியது. பிறகு இறங்கினாலும் இன்றும் 500க்கு மேல்தான். ஜெர்மனியும் நார்வேயும் 100க்குள் நிற்கின்றன. இந்தியாவின் விகிதம் இன்னும் குறைவு, 50ஐக்கூடத் தொடுவதில்லை. ஆனால் இந்தியச் சிறைகளின் நோய் வேறு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

அமெரிக்கா எப்படி இந்த நிலைக்கு வந்தது?

சட்டம் சட்டமாகச் சேர்ந்து வந்தது. 1973ல் நியூயார்க் மாநிலம் கொண்டுவந்த போதைப்பொருள் சட்டம், சில அவுன்ஸ் ஹெராயின் வைத்திருந்தவருக்கே குறைந்தபட்சம் 15 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் என்றது. 1986ல் மத்திய அரசு இயற்றிய சட்டத்தில் 5 கிராம் ‘கிராக்’ (புகைக்கும் வடிவிலான கொக்கெயின்) வைத்திருந்தவருக்கும் 500 கிராம் கொக்கெயின் தூள் வைத்திருந்தவருக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனை. முதலாவது ஏழைக் கறுப்பினப் பகுதிகளில் புழங்கியது, இரண்டாவது வசதியானவர்களிடம் புழங்கியது. ஒன்றுக்கு நூறு என்ற இந்த விகிதத்தை ஒன்றுக்குப் பதினெட்டாகக் குறைக்க 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் சமமாக்கவில்லை.

1994ல் கலிபோர்னியா, ஏற்கெனவே இரண்டு கடுங்குற்றங்களில் தண்டனை பெற்றவர் மூன்றாவதாகச் சிக்கினால் 25 ஆண்டு முதல் ஆயுள் வரை என்று விதித்தது. அந்தச் சட்டத்தின்படி கடையிலிருந்து மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடிய ஒருவருக்கு அதே தண்டனை கிடைத்தது; 2003ல் நாட்டின் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அது செல்லும் என்றது. கலிபோர்னிய வாக்காளர்களே 2012ல் அந்தச் சட்டத்தைத் தளர்த்தினார்கள்.

இவை எல்லாம் ஒரு கட்சியின் வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரு பெரும் கட்சிகளும் கடுமையில் போட்டி போட்டன.

ஆனால் அங்கே குற்றம் குறைந்ததே! அதற்குச் சிறைதானே காரணம்?

ஓரளவு காரணம்தான். சிறைக்குள் இருப்பவர் அந்த நாளில் வெளியே ஒரு வீட்டை உடைக்க முடியாது. இதை மறுப்பதில் அர்த்தமில்லை.

சிக்கல் என்னவென்றால், அடைக்கும் எண்ணிக்கை கூடக் கூட இந்தப் பலன் தேய்ந்துகொண்டே போகிறது. முதலில் உள்ளே போகிறவர்களில் ஓயாமல் குற்றம் செய்பவர்கள் அதிகம். எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கினால் அடுத்து வருபவர்கள் அவ்வளவு ஆபத்தானவர்களாக இருக்க மாட்டார்கள். நான்கு மடங்காக்கினால், வெளியே இருந்தாலும் பெரிதாக எதுவும் செய்திருக்காதவர்கள் வரிசையில் நிற்பார்கள். சில குற்றங்களில் ஆளை அடைத்தும் பயனில்லை. தெருமுனையில் போதைப்பொருள் விற்கும் இளைஞனைப் பிடித்துப்போனால், வாங்க ஆள் இருக்கும்வரை அந்த இடத்துக்கு வேறொருவன் வந்துவிடுவான்.

வயதையும் கணக்கில் சேருங்கள். குற்றம் செய்யும் போக்கு பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும் உச்சத்தைத் தொட்டுப் பிறகு சரிகிறது. பல நாடுகளில், பல தலைமுறைகளில் பார்த்த போக்கு இது. 22 வயதில் 30 ஆண்டு தண்டனை பெற்றவரின் கடைசிப் பத்தாண்டு, அவருடைய 42 வயது முதல் 52 வயது வரை ஓடுகிறது. அந்தப் பத்தாண்டில் அரசு பெரும்பாலும் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் மருந்து வாங்கிக்கொண்டிருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்கவும் இடங்கள் இருக்கின்றன. 1990களில் கனடாவிலும் குற்றங்கள் நன்றாகவே குறைந்தன. ஆனால் கனடா தன் சிறை விகிதத்தை ஏற்றவில்லை. நியூயார்க் மாநிலச் சிறைகளில் 1999ல் 72,000க்கு மேற்பட்டோர் இருந்தார்கள். 2020களின் தொடக்கத்தில் அதில் பாதிகூட இல்லை. இடைப்பட்ட காலத்தில் நியூயார்க் நகரம் கொலைக்களமாகிவிடவில்லை. 1990ல் 2,245 கொலைகள் நடந்த அந்த நகரத்தில் 2017ல் நடந்தவை 300க்கும் குறைவு.

கடும் தண்டனை என்றால் அடுத்தவன் பயப்படுவான் அல்லவா?

பிடிபடுவோம் என்ற பயம் வேலை செய்கிறது. பிடிபட்டால் 10 ஆண்டா 20 ஆண்டா என்ற வேறுபாடு பெரிதாக வேலை செய்வதில்லை. போதையிலோ கோபத்திலோ கத்தியை எடுப்பவர் சட்டப் பிரிவைப் புரட்டிப் பார்ப்பதில்லை; திட்டம் போட்டுச் செய்பவர் தான் பிடிபடவே மாட்டோம் என்று நம்புகிறார். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2014ல் வெளியிட்ட பெரிய அறிக்கையும் இதே முடிவுக்குத்தான் வந்தது. சிறைக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி கொலை வழக்குகளைத் துப்புத் துலக்குவதற்குப் போனால் பயன் அதிகம்.

எல் சால்வடோரைப் பாருங்கள். எல்லோரையும் அடைத்தார்கள், நாடு அமைதியாகிவிட்டதே?

நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. 2015ல் அங்கே லட்சத்துக்கு 100க்கு மேல் கொலைகள் நடந்தன. தெருவுக்குத் தெரு கும்பல்கள் மாமூல் வசூலித்தன. 2022 மார்ச்சில் நெருக்கடி நிலை வந்தது; 80,000க்கு மேற்பட்டோர் கைதானார்கள்; 40,000 பேரை அடைக்கும் புதிய சிறை 2023ல் திறக்கப்பட்டது. அதிகாரபூர்வக் கணக்கில் கொலைகள் வெகுவாகக் குறைந்தன. மக்கள் நிம்மதியாக நடமாடுகிறார்கள். நெருக்கடி நிலையைக் கொண்டுவந்த அதிபரையே 2024ல் பெருவெற்றியோடு திரும்பவும் தேர்ந்தெடுத்தார்கள். இவற்றை மறைத்துவிட்டுச் சீர்திருத்தம் பேசுவது ஏமாற்று.

மறுபக்கம் இதுதான். தனித்தனி விசாரணை இல்லாமல் கூட்டங்கூட்டமாக வழக்கு நடத்தலாம் என்று சட்டம் மாறியது. பல ஆயிரம் பேரை அரசே பின்னர் விடுவித்தது. அப்படியானால் அவர்களைப் பிடித்தது எதன் அடிப்படையில்? காவலில் இறந்தவர்களும் இருக்கிறார்கள். தற்காலிகம் என்று சொன்ன நெருக்கடி நிலை மாதாமாதம் நீட்டிக்கப்பட்டே வந்தது. ஒரு நாட்டையே கும்பல்கள் ஆண்ட நிலையிலிருந்து வந்த கதையைச் சாதாரணத் திருட்டும் அடிதடியும் உள்ள நாட்டுக்கு மருந்தாக எழுதித் தருவது தவறு. உள்ளே உள்ள குற்றமற்றவர்களை வெளியே எடுக்கும் வழியை மூடிவிட்ட ஓர் அரசு, தன் தவறுகளைத் தானே எண்ணிப் பார்க்க முடியாது.

விசாரணையே முடியாமல் உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர்?

இந்தியாவின் நோய் இங்கேதான் இருக்கிறது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நான்கில் மூன்று பங்கு. சட்டத்தின் பார்வையில் இவர்கள் யாரும் அந்த வழக்கில் குற்றவாளிகள் அல்ல. நூறு பேருக்கான இடத்தில் 131 பேர் நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள்.

1979ல் உசைனாரா காத்தூன் வழக்கில், பீகார் சிறைகளில் பலர் தங்கள் மீதான குற்றம் நிரூபிக்கப்பட்டாலும் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையைவிட நீண்ட காலம் விசாரணைக்காகவே அடைபட்டிருந்தது வெளியே வந்தது. விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தால் அவரை ஜாமீனில் விட வேண்டும் என்கிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது.

ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் வெளியே வராதவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் கொடுமை. ஜாமீன்தாரர் இருவர் வேண்டும், அவர்கள் பெயரில் சொத்து வேண்டும், உள்ளூர்க்காரராகவும் இருக்க வேண்டும் என்று கேட்டால், பிழைப்புக்காக வேறு மாநிலம் போன கூலித் தொழிலாளி யாரைக் கொண்டுவருவார்? உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே அறிவுறுத்தியது.

பணம் இருந்தால் வீடு, இல்லாவிட்டால் சிறை என்ற நிலை அமெரிக்காவிலும் உண்டு. 2010ல் நியூயார்க்கில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் முதுகுப்பை திருடியதாகக் கைதானான். 3,000 டாலர் ஜாமீன் தொகையைக் குடும்பத்தால் கட்ட முடியவில்லை. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் சுமார் மூன்று ஆண்டுகள் இருந்தான், பெரும்பகுதி தனிமையில். கடைசியில் வழக்கு கைவிடப்பட்டது. 2015ல் அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான்.

பிலடெல்பியா, மயாமி நகரங்களின் வழக்குகளை ஆராய்ந்து 2018ல் வெளியான ஆய்வு ஒன்று, விசாரணைக்கு முன் வெளியே விடப்பட்டவர்கள் தண்டிக்கப்படுவது குறைவு என்று கண்டது. உள்ளே இருப்பவர் எப்படியாவது வீட்டுக்குப் போனால் போதும் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறார் என்பது முக்கியக் காரணம். இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பரில் பண ஜாமீனை முற்றாக ஒழித்தது. இப்போது ஒருவரை உள்ளே வைக்க வேண்டுமானால் அவர் ஆபத்தானவர் அல்லது தப்பி ஓடுவார் என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும்.

கைதியின் குடும்பத்துக்கு என்ன ஆகிறது?

தீர்ப்பில் ஒரு பெயர்தான் இருக்கும். சம்பாதித்துக்கொண்டிருந்தவர் உள்ளே போகும் மாதத்திலிருந்தே வாடகை நிலுவை, வக்கீல் கட்டணம், சிறைக்குப் போய் மனு போட்டுப் பார்த்துவரும் பயணச் செலவு எல்லாம் மனைவி அல்லது தாயின் தலையில் விழுகின்றன. அமெரிக்காவில் கைதியோடு தொலைபேசியில் பேசுவதற்குக்கூடக் குடும்பம் கொள்ளைக் கட்டணம் கட்டி வந்தது. 2021ல் கனெக்டிகட் மாநிலம்தான் முதன்முதலில் சிறை அழைப்புகளை இலவசமாக்கச் சட்டம் இயற்றியது.

2010ல் வந்த ஒரு கணக்குப்படி அமெரிக்காவில் 27 லட்சம் குழந்தைகளின் தாயோ தந்தையோ சிறையில் இருந்தார்கள். 28 குழந்தைகளில் ஒருவர். குழந்தைகள் மீதான விளைவைப் பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெற்றோர் சிறை சென்றதால் ஸ்வீடனில் ஏழைக் குழந்தைகளின் படிப்பும் பின்னாளைய வேலையும் கெட்டன என்று ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் ஒஹையோவில் செய்த இன்னோர் ஆய்வில், பெற்றோர் சிறை சென்ற குழந்தைகள் பின்னாளில் சிறைக்குப் போவது குறைந்தது என்று தெரிந்தது. வீட்டையே நரகமாக்கிய தந்தை வெளியேறியபோது குழந்தை மூச்சுவிட்டிருக்கலாம். ஆகவே எந்தத் தந்தை, எந்தக் குற்றம் என்று பார்க்காமல் பொதுவாகச் சொல்லும் எதுவும் பாதி உண்மைதான்.

சுமை ஊர் முழுக்கச் சமமாகப் பரவுவதும் இல்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் சில தெருத்தொகுதிகளைச் சேர்ந்தவர்களைச் சிறையில் வைக்க மட்டும், ஒவ்வொரு தொகுதிக்கும் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் அரசு செலவிட்டதை ஆய்வாளர்கள் வரைபடமாக்கிக் காட்டினார்கள். அந்தத் தெருக்காரர்களைக் கேட்டிருந்தால் அந்தப் பணத்தை வேறு எதற்குக் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

விடுதலைக்குப் பிறகு?

முதல் இரண்டு வாரங்கள் மிக ஆபத்தானவை. வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைத் தொடர்ந்து பார்த்து 2007ல் வெளியான ஆய்வில், அந்த இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் 13 மடங்கு. போதை மருந்து மிகையாகிச் சாவது 100 மடங்குக்கும் மேல். உடல் பழக்கம் விட்டிருக்கும், பழைய அளவையே எடுத்துக்கொள்வார்கள். வெளியே அனுப்பும்போதே சிகிச்சைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால் தடுக்கக்கூடிய சாவுகள் இவை.

அடுத்தது வேலை. 2001ல் மில்வாக்கி நகரத்தில் நடந்த சோதனை ஒன்றில், ஒரே தகுதியுள்ள இளைஞர்கள் வேலைக்கு விண்ணப்பித்தார்கள். வெள்ளையரில் சிறைப் பின்னணி இல்லாதவருக்கு 34 விழுக்காடு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது, இருந்தவருக்கு 17. கறுப்பினத்தவரில் பின்னணி இல்லாதவருக்கு 14, இருந்தவருக்கு 5. சிறைக்கே போகாத கறுப்பினத்தவருக்கு, சிறை சென்று வந்த வெள்ளையரைவிடக் குறைவான அழைப்பு!

இதைச் சரிசெய்ய, விண்ணப்பப் படிவத்தில் குற்றப் பின்னணியைக் கேட்கும் கட்டத்தை நீக்கிப் பார்த்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் சில இடங்களில், தகவல் தெரியாத முதலாளிகள் கறுப்பின இளைஞர்கள் எல்லோரையும் சந்தேகித்து ஒதுக்கினார்கள் என்று பின்வந்த ஆய்வுகள் கண்டன.

சிறைக்குள் நிலைமையை மாற்ற எது உண்மையில் உதவுகிறது?

கல்வி. 2013ல் ராண்ட் என்ற அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிறையில் படித்தவர்கள் திரும்பச் சிறைக்கு வரும் வாய்ப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. செலவான ஒவ்வொரு டாலருக்கும் 4 முதல் 5 டாலர் வரை மிச்சம். இருந்தும் 1994ல் கைதிகளுக்கான கல்லூரி உதவித்தொகையை அமெரிக்கா நிறுத்தியது; அது முழுமையாகத் திரும்பி வர 2023 ஆனது.

தனிமைச் சிறையைக் குறைப்பதும் உதவுகிறது. 2015ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள், மனிதத் தொடர்பே இல்லாமல் நாளுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ, தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் ஒருவரை அடைப்பதைத் தடைசெய்கின்றன.

நார்வே போலச் சொகுசுச் சிறை கட்டச் சொல்கிறீர்களா?

கட்டடத்தைப் பார்த்து எல்லோரும் ஏமாந்துபோகிறார்கள். நார்வேயின் உண்மையான முதலீடு காவலர்களில் இருக்கிறது: இரண்டு ஆண்டுப் பயிற்சி, கைதியோடு சேர்ந்து சாப்பிடுவது, அவர் வெளியே போகும் நாளுக்கான திட்டத்தை முதலிலிருந்தே போடுவது. அங்கே விடுதலையாகி இரண்டு ஆண்டுக்குள் மீண்டும் தண்டனை பெறுபவர்கள் சுமார் 20 விழுக்காடு என்கிறார்கள். அமெரிக்காவில் 2005ல் விடுதலையானவர்களில் மூன்று ஆண்டுக்குள் மீண்டும் கைதானவர்கள் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைக்காதீர்கள். ஒன்று தண்டனையை எண்ணுகிறது, மற்றொன்று கைதை எண்ணுகிறது. கால அளவும் வேறு. வேறுபாடு உண்டு, ஆனால் சமூக ஊடகப் படங்கள் காட்டும் அளவுக்கு இல்லை.

எனக்கு பின்லாந்துதான் நல்ல பாடமாகத் தெரிகிறது. 1950ல் லட்சத்துக்கு 180க்கு மேல் கைதிகள் இருந்த நாடு, திருட்டுக்கான தண்டனையைக் குறைத்து, அபராதம் கட்டாதவர்களை அடைப்பதைச் சுருக்கி, சமூகப் பணியைத் தண்டனையாக்கி, நூற்றாண்டின் இறுதியில் 60ஐ ஒட்டி இறக்கியது. அந்தக் காலம் முழுவதும் அதன் குற்றப் போக்கு அண்டை நாடுகளான ஸ்வீடன், டென்மார்க், நார்வே போலவே நகர்ந்தது. சிறையைக் குறைத்ததால் தனியாக ஏறவில்லை.

பணம் இல்லாத நாட்டுக்கும் வழி உண்டு. ஜெய்ப்பூர் அருகே சாங்கனேர் திறந்தவெளிச் சிறையில் கைதிகள் குடும்பத்தோடு தங்கி, பகலில் வெளியே வேலைக்குப் போய், தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். 1960களிலிருந்து நடக்கிறது. கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

போதைப்பொருள் கைதிகளை மட்டும் விட்டால் போதாதா?

போதாது. பேசுபவர்கள் தவிர்க்கும் இடம் இது. அமெரிக்க மாநிலச் சிறைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் வன்முறைக் குற்றங்களுக்காக இருப்பவர்கள். அவர்களுடைய தண்டனையின் நீளத்தைத் தொடாமல் எண்ணிக்கை பெரிதாக இறங்காது. இருபது ஆண்டு கழித்தவரின் வழக்கை நீதிபதி ஒருவர் மறுபடி பார்க்க வழி இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. விட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பார்க்க வேண்டும்.

தனியார் சிறைகள்தான் எல்லாவற்றுக்கும் காரணமா?

அமெரிக்கக் கைதிகளில் சுமார் 8 விழுக்காடு பேர்தான் அங்கே இருக்கிறார்கள். நாளைக்கே மூடினாலும் மீதி 92 அரசிடம்தான் இருக்கும்.

பாதிக்கப்பட்டவர்களை யாராவது நினைக்கிறீர்களா?

நீண்ட தண்டனையே அவர்களுக்கான நீதி என்று அவர்கள் பெயரில் மற்றவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள். அவர்களில் பலருக்கு வேண்டியவை வேறு: வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று யாராவது தொலைபேசியில் சொல்வது, மருத்துவச் செலவு, பாதுகாப்பாகத் தங்க ஓர் இடம், செய்தவர் மறுபடி செய்ய மாட்டார் என்ற உறுதி. பெரும்பாலான குற்றங்களில் யாரும் தண்டிக்கப்படுவதே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. பிடிபட்ட ஒருவரின் தண்டனையை இரட்டிப்பாக்குவது, பிடிபடாதவரிடம் அடிபட்டவருக்கு எதையும் தருவதில்லை.

நான் ஒரு சிறு நிறுவனம் நடத்துகிறேன். சிறை சென்று வந்த ஒருவர் வேலை கேட்கிறார். எதைப் பார்ப்பது?

மூன்றைப் பாருங்கள். குற்றத்துக்கும் நீங்கள் தரும் வேலைக்கும் தொடர்பு உண்டா? பணம் கையாடியவரைக் கல்லாவில் உட்கார வைக்க வேண்டாம், கிடங்கில் வைக்கலாம். அப்போது அவருக்கு என்ன வயது? அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுகள் புதிய வழக்கு இல்லாமல் கழிந்திருக்கின்றன? ஏழெட்டு ஆண்டுகள் அப்படிக் கழித்தவர் மீண்டும் கைதாகும் வாய்ப்பு, அதே வயதுள்ள மற்றவர்களுக்கு அருகில் வந்துவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. என்ன நடந்தது என்று நேர்முகத் தேர்வில் ஒரே ஒருமுறை நேராகக் கேளுங்கள், பதிலை முழுதாகக் கேளுங்கள். வேலை கொடுத்துவிட்டால் அந்தத் தகவல் உங்களோடு இருக்கட்டும். சக ஊழியர்களுக்கு அது தேவையில்லை.